நெட்வொர்க் பூட் எங்கே அறுகிறது? அலுவலகக் கணினிகளை ரீஇமேஜ் செய்யும்போது பிழையைக் கண்டறியும் முறை

அலுவலகக் கணினி ஒன்றைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்ற வேண்டிய நேரத்தில் அது நெட்வொர்க் வழியாகப் பூட் ஆக மறுத்தால், நம்மில் பெரும்பாலோரின் கை முதலில் போகும் இடம் சர்வர்தான். சேவையை நிறுத்தி மறுபடி ஓடவிடுகிறோம். பூட் இமேஜை மீண்டும் அனுப்புகிறோம். கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையின் ஆப்ஷன்களில் ஒன்றிரண்டை மாற்றிப் பார்க்கிறோம். அரை மணி நேரம் கழித்து, எதையெல்லாம் மாற்றினோம் என்பதே நினைவில் இல்லாமல், ஒரு பிழை இரண்டாகி நிற்கும். நெட்வொர்க் பூட் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சில கைமாற்றங்களின் தொடர். எந்தக் கைமாற்றத்தில் தொடர் அறுந்தது என்று தெரியும்வரை எதையும் மாற்றக் கூடாது என்பதே இந்தக் கையேட்டின் ஒரே பிடிவாதம்.

அந்தத் தொடரை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடலாம். இன்று நெட்வொர்க் பூட்டுக்கு நாம் பயன்படுத்தும் பிஎக்ஸ்இ முறையின் 2.1 வரையறையை இன்டெல் நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு கணினிகள் எவ்வளவோ மாறியும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. கணினியின் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல், முதலில் நெட்வொர்க் கார்டை எழுப்பி, கேபிளில் லிங்க் இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு, தனக்கென்று முகவரி எதுவும் இல்லாத நிலையில், ஐபி முகவரியும் பூட் சர்வரும் வேண்டும் என்று அந்த விலான் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) முழுவதற்கும் ஒரு டிஎச்சிபி கோரிக்கையை பிராட்காஸ்ட் செய்கிறது. டிஎச்சிபி சர்வர் முகவரியைத் தருகிறது. பூட் சர்வர், ப்ராக்ஸி டிஎச்சிபி என்ற பாத்திரத்தில், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. கிளையன்ட், அதாவது பூட் ஆகும் கணினி, அந்தச் சிறிய கோப்பை டிஎஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை மூலம் இறக்கி இயக்குகிறது. அது, விண்டோஸ் பிஇ என்ற நிறுவலுக்கான சிறு விண்டோஸ் அடங்கிய, சில நூறு எம்பி அளவுள்ள பூட் இமேஜை இறக்குகிறது. விண்டோஸ் பிஇ நினைவகத்தில் விரிந்து, தன் சொந்த டிரைவரைக் கொண்டு மறுபடி நெட்வொர்க்கில் இணைந்து, தனக்கு ஒதுக்கப்பட்ட வேலை என்னவென்று நிர்வாக சர்வரிடம் கேட்கிறது. ஒரே நெட்வொர்க் கார்டு இதில் இரண்டு முறை, வெவ்வேறு இரண்டு டிரைவர்களால் எழுப்பப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "பூட் ஆகிறதே, அப்புறம் எப்படி நெட்வொர்க் இல்லை என்கிறது?" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில், பிழை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது?

எந்த லாகையும் திறப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிழை ஒரு கணினிக்கு மட்டுமா, ஒரு மாடலுக்கு மட்டுமா, ஒரு மாடிக்கு மட்டுமா, அல்லது எல்லாவற்றுக்குமா? இதற்கு விடை காண இரண்டு சோதனைகள் போதும். பூட் ஆகாத கணினியை, வேறொரு கணினி சற்று முன்பு வெற்றிகரமாகப் பூட் ஆன அதே கேபிளில் இணைத்துப் பாருங்கள். பிறகு, நன்றாகப் பூட் ஆகும் கணினியைக் கொண்டுவந்து, சிக்கலுள்ள இடத்துக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். கணினியோடு சேர்ந்து பிழையும் இடம் மாறினால் காரணம் ஃபர்ம்வேர் அமைப்பு, டிரைவர், அல்லது அந்தக் கணினியைப் பற்றி சர்வரில் இருக்கும் பதிவு. பிழை மேசையிலேயே தங்கிவிட்டால் காரணம் ஸ்விட்ச் போர்ட், விலான், அல்லது கோரிக்கையை வேறு நெட்வொர்க்கிலுள்ள சர்வருக்குக் கடத்தும் ரிலே. எந்தக் கணினியும் எந்த இடத்திலும் பூட் ஆகவில்லை என்றால்தான் சர்வரின் மீது சந்தேகப்பட நமக்கு உரிமை உண்டு. ஐந்து நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக லாகுக்குள் இறங்குபவர்கள், பெரும்பாலும் மாலையில் இதற்கே திரும்பி வருகிறார்கள்.

மாடலைச் சார்ந்த பிழை என்றால் ஃபர்ம்வேர் அமைப்புகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. புதிய வகை ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ-யில், யூஇஎஃப்ஐ நெட்வொர்க் ஸ்டேக் என்ற அமைப்பு அணைந்திருந்தால் பூட் பட்டியலில் நெட்வொர்க் என்ற பதமே வராது. ஃபாஸ்ட் பூட் இயங்கினால், யூஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் டாங்கிளும் டாக்கும் எழுப்பப்படாமலே போகலாம். ஈதர்நெட் துளை இல்லாத மெல்லிய மடிக்கணினிகளில், ஃபர்ம்வேர் எந்த டாங்கிள் சிப்பை அறியுமோ அதோடு மட்டுமே பிஎக்ஸ்இ நடக்கும். விண்டோஸில் வேலை செய்கிறது என்பதற்காக ஒரு டாங்கிள் பூட்டிலும் வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது.

திரையில் கடைசியாகத் தெரிந்த வரி

பிஎக்ஸ்இ தன் குறையைத் திரையிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் அரை விநாடி காட்டிவிட்டு அடுத்த பூட் சாதனத்துக்குப் போய்விடுவதால் நாம் படிக்கத் தவறுகிறோம். ஆகவே கைபேசியில் வீடியோ பதிவை ஓடவிட்டு, திரையை முழுமையாகப் பிடித்தபடி கணினியை இயக்குங்கள். பிறகு ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் படியுங்கள். இதைவிட மலிவான கருவி இந்த வேலைக்குக் கிடையாது. அதோடு, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே எத்தனை விநாடிகள் கழிந்தன என்பதும் அந்த வீடியோவிலேயே பதிவாகிவிடும். அந்த விநாடிக்கணக்கு எவ்வளவு உதவும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

யூஇஎஃப்ஐ கணினிகளில் வரிகள் வழக்கமாக இந்த வரிசையில் வரும். முதலில் "ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4" என்ற அறிவிப்பு. அடுத்து, கணினிக்குக் கிடைத்த முகவரியைக் காட்டும் "ஸ்டேஷன் ஐபி அட்ரஸ்" என்ற வரி. பிறகு பூட் சர்வரின் முகவரி, என்பிபி எனப்படும் பூட் கோப்பின் பெயர், அதன் அளவு. முதல் வரியோடு நின்றுவிட்டால் டிஎச்சிபி உரையாடலே நடக்கவில்லை. முகவரி வந்து, கோப்பின் பெயர் வராவிட்டால், டிஎச்சிபி சர்வர் பேசியது, பூட் சர்வர் பேசவில்லை. கோப்பின் பெயர் வந்து, அளவு 0 பைட் என்று காட்டினால், பெயர் சொல்லப்பட்டது, கோப்பை எடுக்க முடியவில்லை; அதாவது சிக்கல் டிஎஃப்டிபி கட்டத்தில் இருக்கிறது. கோப்பு வெற்றிகரமாக இறங்கியது என்ற வரிக்குப் பிறகு நின்றால், நெட்வொர்க் பிரிவில் உள்ளவர்களை அழைக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை.

பிழை எண்களும் இதையேதான் வேறு மொழியில் சொல்கின்றன. பிஎக்ஸ்இ-இ61 என்பது லிங்க் இல்லை, கேபிளைப் பார் என்கிறது. இ51 என்றால் டிஎச்சிபியிடமிருந்தும் ப்ராக்ஸியிடமிருந்தும் எந்தப் பதிலும் வரவில்லை. இ52 என்றால் பூட் சர்வரின் பதில் வந்தது, முகவரி தரும் டிஎச்சிபி பதில் வரவில்லை. இ53 அதற்கு நேர்மாறு. முகவரி உண்டு, பூட் கோப்பின் பெயர் இல்லை. இ55 என்பது ப்ராக்ஸி சேவை 4011-ஆம் போர்ட்டில் பதில் தரவில்லை என்பது. இ32 டிஎஃப்டிபி காலாவதியைக் குறிக்கிறது. யூஇஎஃப்ஐ-யில் அடிக்கடி தென்படும் இ16, செல்லத்தக்க பதில் எதுவும் வரவில்லை என்பதையும், இ18, சர்வர் உரிய நேரத்தில் மறுமொழி தரவில்லை என்பதையும் சொல்கின்றன. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வோர் எண்ணும் தொடரின் எந்தக் கண்ணியைச் சுட்டுகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஸ்விட்ச் போர்ட் விழிக்கும் முன்பே முடிந்துவிடும் முயற்சி

முகவரி கிடைக்காத பிழைகளில், வயதான ஆனாலும் இன்றும் ஏமாற்றக்கூடிய காரணம், ஸ்விட்சுகளுக்கிடையே சுழற்சி உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ. பழைய 802.1டி முறையில், லிங்க் வந்தவுடன் ஸ்விட்ச் போர்ட் 15 விநாடி கேட்கும் நிலையிலும், இன்னொரு 15 விநாடி கற்கும் நிலையிலும் இருந்துவிட்டு, அதன் பிறகே பாக்கெட்டுகளைக் கடத்தத் தொடங்கும். பிஎக்ஸ்இ வரையறையின்படி கிளையன்ட் 4, 8, 16, 32 விநாடிகள் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுமுயற்சி செய்ய வேண்டும். ஆனால் பல ஃபர்ம்வேர்கள் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. வீடியோவில் பதிவான விநாடிக்கணக்கு உதவுவது இங்கேதான். கணினி கேட்டு முடித்து, கைவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் போன பிறகுதான் போர்ட் கண் விழிக்கிறது. விண்டோஸில் அதே கேபிள் நன்றாக வேலை செய்வதால் யாருக்கும் கேபிளின் மீதோ போர்ட்டின் மீதோ சந்தேகம் வருவதில்லை.

இதை உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. நெட்வொர்க் பிரிவினரிடம் சொல்லிவிட்டு, நிர்வாக வசதி எதுவும் இல்லாத சிறிய ஸ்விட்ச் ஒன்றைக் கணினிக்கும் சுவர் இணைப்புக்கும் நடுவில் வையுங்கள். கணினி எத்தனை முறை அணைந்து எழுந்தாலும், சிறிய ஸ்விட்சுக்கும் பெரிய ஸ்விட்சுக்கும் இடையிலான லிங்க் அறுவதில்லை. ஆகவே போர்ட் தொடர்ந்து கடத்தும் நிலையிலேயே இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்துவிட்டுப் பூட் செய்யுங்கள். இப்போது முகவரி கிடைத்தால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. அந்தப் போர்ட்டில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். சிறிய ஸ்விட்சை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அடுத்த ஆண்டு வேறொருவர் அதன் இரண்டு துளைகளையும் சுவரின் இரண்டு துளைகளையும் இணைத்து, மாடி முழுவதையும் நிறுத்திவிடுவார்.

தன்னை அடையாளம் காட்டிய கணினியை மட்டும் போர்ட்டில் அனுமதிக்கும் 802.1எக்ஸ் பாதுகாப்பு உள்ள அலுவலகங்களில் கதை வேறு. துடைக்கப்பட்ட கணினியிடம் சான்றிதழ் இல்லை. ஃபர்ம்வேரும் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள முடியாது. போர்ட் அதைத் தடுத்து வைத்து, சில காலாவதிகள் முடிந்த பிறகு விருந்தினர் விலானில் தள்ளும். அந்த விலானிலிருந்து பூட் சர்வருக்கு வழி இருக்காது. இதற்குச் சுற்றுவழி தேடுவதைவிட, ரீஇமேஜ் செய்வதற்கென்று ஒரு தனி விலானையும் சில போர்ட்டுகளையும் ஒதுக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

முகவரி வருகிறது, கோப்பின் பெயர் வரவில்லை

பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. பூட் சர்வர் வேறு சப்நெட்டில் இருந்தால், அந்த மாடியின் ரவுட்டரோ லேயர் 3 ஸ்விட்சோ, கோரிக்கையை ரிலே செய்ய வேண்டும். சிஸ்கோ சாதனங்களில் இதற்கு ஐபி ஹெல்ப்பர் என்று பெயர். ஏற்கெனவே டிஎச்சிபி சர்வருக்கு ஒரு ஹெல்ப்பர் வரி இருப்பதால் முகவரி கிடைத்துவிடுகிறது. பூட் சர்வரின் முகவரிக்கும் இன்னொரு ஹெல்ப்பர் வரி தேவை என்பது மறந்துபோவதால் இ53 வருகிறது. புதிய விலான் ஒன்றை உருவாக்கிய வாரத்தில் இந்தப் பிழை தலைகாட்டினால் வேறெங்கும் தேடாமல் நேராக இங்கே பாருங்கள்.

ஹெல்ப்பரை மாற்ற நெட்வொர்க் பிரிவின் ஒப்புதல் வேண்டும், அதற்கு நாளாகும் என்பதால், பலரும் டிஎச்சிபி ஸ்கோப்பில், அதாவது ஒரு சப்நெட்டுக்கான முகவரித் தொகுப்பில், 66, 67 என்ற ஆப்ஷன்களைப் போட்டு, சர்வர் பெயரையும் கோப்பின் பெயரையும் கையால் எழுதிவிடுகிறார்கள். அது அன்றைக்கு வேலை செய்யும். தீங்கும் அதில்தான் இருக்கிறது. கிளையன்ட் தன் கோரிக்கையில் 93-ஆம் ஆப்ஷன் மூலம் தன் கட்டமைப்பை அறிவிக்கிறது. 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. பூட் சர்வர் அதைப் பார்த்து, உரிய கோப்பைத் தேர்ந்து தருகிறது. 67-இல் ஒரே பெயரை எழுதி வைத்தால் அந்தத் தேர்வு போய்விடுகிறது. பயாஸ் கோப்பின் பெயர் யூஇஎஃப்ஐ கணினிக்குப் போகும்; அது இறக்கிப் பார்த்து, இயக்கத் தெரியாமல், ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிவிடும். மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களிலும் இந்த ஆப்ஷன்களைத் தவிர்த்து ஹெல்ப்பரைப் பயன்படுத்தவே சொல்கிறது. யாரோ எப்போதோ எழுதி வைத்த 66-உம் 67-உம் ஸ்கோப்பில் மட்டுமல்லாமல் சர்வர் மட்டத்து ஆப்ஷன்களிலும் ஒளிந்திருக்கும். இரண்டு இடங்களையும் பார்த்து நீக்கிவிடுங்கள்.

60-ஆம் ஆப்ஷனும் இப்படிப்பட்ட ஒரு புதைகுழிதான். டிஎச்சிபியும், பூட் சர்வர் வேலையைச் செய்யும் விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சேவையும் ஒரே சர்வரில் இருக்கும்போது 67-ஆம் போர்ட்டை டிஎச்சிபியே வைத்துக்கொள்வதால், பூட் சேவையும் இதே சர்வரில்தான் இருக்கிறது என்று கிளையன்டுக்குச் சொல்லவே அது இருக்கிறது. அவை பிரிந்த பிறகும் அந்த ஆப்ஷன் டிஎச்சிபியில் தங்கிவிட்டால், கிளையன்ட் டிஎச்சிபி சர்வரையே பூட் சர்வர் என்று நம்பி, அதன் 4011-ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். சர்வரை இடம் மாற்றிய பிறகு வரும் இ55-க்கு இது காரணமாக இருக்கக்கூடும்.

சர்வர் லாகில் பதில் அனுப்பினேன் என்று தெளிவாக எழுதியிருக்கும், கிளையன்டோ ஒன்றும் வரவில்லை என்று சொல்லும் சூழ்நிலையில், வாதாடுவதை விட்டுவிட்டு பாக்கெட்டைப் பிடியுங்கள். கணினியின் போர்ட்டை மிர்ரர் செய்து, அதாவது அதன் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து, வயர்ஷார்க் என்ற பாக்கெட் பதிவு நிரலில் பாருங்கள். அதே நேரத்தில் சர்வரிலும் ஒரு பதிவை ஓடவிடுங்கள். சர்வரிலிருந்து கிளம்பிய பதில் கணினியின் பக்கம் வந்து சேரவில்லை என்றால், இடையில் யாரோ விழுங்குகிறார்கள். டிஎச்சிபி ஸ்னூப்பிங் இயங்கும் ஸ்விட்சில், நம்பகமானது என்று குறிக்கப்படாத போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்கள் கைவிடப்படும். பூட் சர்வர் இருக்கும் போர்ட்டை அப்படிக் குறிக்க மறந்திருந்தால், அதன் ப்ராக்ஸி பதில்களும் போலி டிஎச்சிபி சர்வரின் பதில்களாகவே கருதப்பட்டு மறைந்துபோகும்.

கோப்பு இறங்கவில்லை, அல்லது இறங்கி முடியவே இல்லை

டிஎஃப்டிபி மிக எளிய நெறிமுறை. அதன் தொல்லைகளும் அந்த எளிமையிலிருந்தே பிறக்கின்றன. கோரிக்கை யூடிபி 69-ஆம் போர்ட்டுக்குப் போகிறது. ஆனால் சர்வர் பதிலை 69-இலிருந்து அனுப்புவதில்லை. வேறொரு போர்ட்டைத் தேர்ந்து அதிலிருந்து அனுப்புகிறது. 69-ஐ மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று கருதும் ஃபயர்வால், பதில்களைத் தடுத்துவிடும். இதே காரணத்தால், விண்டோஸில் உள்ள டிஎஃப்டிபி கிளையன்ட் வசதியை இயக்கிச் சோதிக்கும்போது, சோதிக்கும் கணினியின் ஃபயர்வாலில் அந்த நிரலுக்கு அனுமதி தராவிட்டால் சோதனையே தோற்றுவிடும். அதை வைத்து சர்வரைக் குறைசொல்லிவிடாதீர்கள்.

மெதுவாக இறங்குவதற்குக் கணக்கு ஒன்று உண்டு. டிஎஃப்டிபியின் இயல்பான பிளாக் அளவு 512 பைட். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒப்புகை வந்த பிறகே அடுத்தது கிளம்பும். 400 எம்பி பூட் இமேஜுக்கு 8,19,200 பிளாக்குகள். கிளை அலுவலகத்துக்கும் சர்வருக்கும் இடையே போய்வர 5 மில்லி விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், காத்திருப்பு மட்டுமே 4,096 விநாடி, ஏறக்குறைய 68 நிமிடம். பிளாக் அளவை 1,456 பைட்டாக்கினால் அது 24 நிமிடமாகக் குறைகிறது. 2015-இல் வரையறுக்கப்பட்ட விண்டோ சைஸ் வசதியில், ஓர் ஒப்புகைக்கு எட்டு பிளாக் என்று அனுப்பினால் சுமார் மூன்று நிமிடத்தில் முடியும். லைனின் அகலத்தைக் கூட்டுவதால் இந்தக் காத்திருப்பு குறையாது என்பதையும் இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

அதற்காக பிளாக் அளவை 4,096, 16,384 என்று ஏற்றிக்கொண்டே போவது எனக்கு உடன்பாடில்லை. ஈதர்நெட்டின் 1,500 பைட்டில் தலைப்புகள் போக டிஎஃப்டிபிக்கு மிஞ்சுவது 1,468 பைட். அதைத் தாண்டினால் ஒவ்வொரு பிளாக்கும் துண்டுகளாக உடைந்து பயணிக்கும். துண்டுகளை விரும்பாத ஃபயர்வால் ஒன்று வழியில் இருந்தால், சிறிய கோப்புகள் இறங்கும், பெரிய பூட் இமேஜ் முதல் பிளாக்கிலேயே செத்துப்போகும். தலைமை அலுவலகத்தில் வேலை செய்து, விபிஎன் சுரங்கத்துக்கு அப்பாலுள்ள கிளையில் மட்டும் தோற்றால், பிளாக் அளவைத்தான் முதலில் குறைத்துப் பார்க்க வேண்டும். சுரங்கத்துக்குள் 1,500 பைட்கூட முழுமையாகக் கிடைப்பதில்லை. விரைவுக்கு விண்டோ சைஸைக் கூட்டுங்கள். பிளாக் அளவை அடக்கமாகவே வையுங்கள்.

சர்வர் வேண்டுமென்றே மறுக்கும்போது

முகவரி வந்து, சிறு கோப்பும் இறங்கி, உடனே "பிஎக்ஸ்இ பூட் அபார்ட்டட்" என்று சொல்லிவிட்டு விலகிப்போனால், பிழை எதுவும் நடக்கவில்லை. சர்வர் கணினியை அடையாளம் கண்டு, உனக்கு வேலை ஒதுக்கப்படவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கணினி நிர்வாக மென்பொருளான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் இதை எஸ்எம்எஸ்பிஎக்ஸ்இ லாகில் காணலாம். கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) அதில் தேடுங்கள். முகவரியே லாகில் இல்லை என்றால் கோரிக்கை சர்வரை அடையவில்லை. முந்தைய பகுதிகளுக்குத் திரும்புங்கள். முகவரி இருந்தால், அதன் அருகில் எந்தக் கணினியின் பெயர் இருக்கிறது என்று கவனியுங்கள்.

அந்தப் பெயரைக் கவனிக்காமல் நான் ஒரு பிற்பகலை முழுமையாக இழந்திருக்கிறேன். புதிதாக வந்த மடிக்கணினிகளை ஒரே மேசையில், ஒரே யூஎஸ்பி ஈதர்நெட் டாங்கிளைக் கொண்டு வரிசையாக இமேஜ் செய்துகொண்டிருந்தோம். முதலாவது முடிந்தது. இரண்டாவது முகவரி பெற்றதும் விலகிப்போனது, மூன்றாவதும் அப்படியே. நான் சர்வரில் பிஎக்ஸ்இ சேவையைக் கழற்றி மறுபடி மாட்டும் அளவுக்குப் போய்விட்டேன். கடைசியில் லாகை நிதானமாகப் படித்தபோது, மூன்று கணினிகளின் கோரிக்கைக்கும் எதிரே முதல் மடிக்கணினியின் பெயரே இருந்தது. மேக் முகவரி டாங்கிளுடையது. டாங்கிளோ ஏற்கெனவே ஒரு கணினியின் பெயரில் பதிவாகிவிட்டது. வேலை முடிந்த கணினி மறுபடி ஏன் வருகிறது என்று சர்வர் சரியாகவே மறுத்திருக்கிறது.

இதற்குத் தீர்வு, ஹையரார்க்கி செட்டிங்ஸில் உள்ள இரட்டை வன்பொருள் அடையாளங்களின் பட்டியலில் அந்த டாங்கிளின் மேக் முகவரியைச் சேர்ப்பது. அதன்பின் சர்வர் அதைப் புறக்கணித்து, மதர்போர்டில் பதிந்த எஸ்எம்பயாஸ் அடையாளத்தைக் கொண்டு கணினியைப் பிரித்தறியும். டாங்கிளின் முகவரிக்குப் பதில் கணினியின் சொந்த மேக் முகவரியைக் காட்டும் மேக் பாஸ்த்ரூ வசதி ஃபர்ம்வேரில் இருந்தால் அதை இயக்குவதும் உதவும். மதர்போர்டு மாற்றப்பட்ட கணினிகளில் இந்த அடையாளம் வெறுமையாகவோ வேறொன்றோடு ஒத்தோ இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு, அவை சிறியவை. கட்டாயமாக ஒதுக்கப்பட்ட டாஸ்க் சீக்வென்ஸ் (விண்டோஸை ஏற்றும் படிகளின் வரிசை) ஒருமுறை ஓடிவிட்டால், பிஎக்ஸ்இ ஒதுக்கீட்டை நிர்வாகத் திரையில் அழித்தால்தான் மறுபடி ஓடும். முன்பின் அறியாத கணினிகளுக்கான ஆதரவு அணைந்திருந்தால் புதிய கணினிகள் திருப்பி அனுப்பப்படும். பாதியில் நின்ற முயற்சி "அன்நோன்" என்ற பெயரில் ஒரு பதிவை விட்டுச் சென்றிருந்தால், சர்வர் அந்தக் கணினியை அறிந்ததாகவே கருதும். அந்தப் பதிவை நீக்குங்கள்.

கோப்பு இறங்கிய பிறகு ஃபர்ம்வேர் மறுத்தால்

செக்யூர் பூட் தொடர்பான எச்சரிக்கை தோன்றினால், பூட் கோப்பின் கையொப்பத்தை ஃபர்ம்வேர் ஏற்கவில்லை என்று பொருள். இது இப்போது முன்பைவிட அதிகமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2011-இல் வழங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களுக்கு 2026-ஆம் ஆண்டில் காலக்கெடு வருகிறது. அவற்றின் இடத்துக்கு 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் வந்திருக்கின்றன. சான்றிதழ் காலாவதியாவது மட்டும் பூட்டைத் தடுத்துவிடாது. ஆனால் செக்யூர் பூட்டையே ஏமாற்றிய பிளாக்லோட்டஸ் தாக்குதலுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு நடவடிக்கைகளின்படி, பழைய சான்றிதழை ஃபர்ம்வேரின் தடைப்பட்டியலில் ஏற்றிய கணினி, பழைய பூட் மேனேஜரை நிச்சயமாக மறுக்கும். விண்டோஸில் இருந்தபோது அந்தப் புதுப்பிப்பைப் பெற்ற கணினி மறுத்து, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த கணினி பூட் ஆகிறது என்றால், பூட் இமேஜும் பூட் கோப்புகளும் பழையவை என்பதே முடிவு. அவற்றைப் புதுப்பியுங்கள். மூன்றாம் தரப்பு பூட் நிரல்களைப் பயன்படுத்துபவர்கள், ஃபர்ம்வேரில் மூன்றாம் தரப்புச் சான்றிதழுக்கான அனுமதி அணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூடுதல் பாதுகாப்புடன் வரும் செக்யூர்டு கோர் வகைக் கணினிகளில் அது அணைந்தே வருகிறது. காரணத்தை உறுதிசெய்வதற்காக ஒருமுறை செக்யூர் பூட்டை அணைத்துப் பார்ப்பதில் தவறில்லை; அணைத்ததை ஒரு தாளில் எழுதித் திரையில் ஒட்டிவையுங்கள், இல்லாவிட்டால் அப்படியே பயனரின் மேசைக்குப் போய்விடும்.

விண்டோஸ் பிஇ வந்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் ஆனால்

பின்னணிப் படம் தோன்றி, நெட்வொர்க்கைத் தயார்செய்கிறேன் என்று சொல்லி, சில விநாடியில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால், அநேகமாக பூட் இமேஜில் அந்த மாடலின் நெட்வொர்க் டிரைவர் இல்லை. பூட் இமேஜின் பண்புகளில் கமாண்ட் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், எஃப்8-ஐ அழுத்தியதும் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அது திறந்திருக்கும்வரை கணினி ரீஸ்டார்ட் ஆகாது. அதில் ஐபி அமைப்பைக் காட்டும் கட்டளையைக் கொடுங்கள். அடாப்டர் எதுவுமே பட்டியலில் இல்லை என்றால் டிரைவர் இல்லை. அடாப்டர் இருந்து 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் டிரைவர் உண்டு, டிஎச்சிபி பதில் வரவில்லை. ஸ்பேனிங் ட்ரீ பகுதிக்குத் திரும்புங்கள். முறையான முகவரி இருந்தும் தோற்றால் டாஸ்க் சீக்வென்ஸ் லாகைப் படியுங்கள், கூடவே தேதியையும் பாருங்கள். ஃபர்ம்வேர் பேட்டரி தீர்ந்த கணினியில் தேதி சில ஆண்டுகள் பின்னால் நிற்கும்; அப்போது சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று விண்டோஸ் பிஇ முடிவுசெய்து இணைய மறுக்கும்.

டிரைவரைச் சேர்க்கும்போது, ஏற்றப்போகும் விண்டோஸின் பதிப்புக்கு ஏற்ப அல்லாமல், விண்டோஸ் பிஇ-யின் பதிப்புக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க், ஸ்டோரேஜ் டிரைவர்கள் மட்டும் போதும். ஒலி, திரை என்று எல்லாவற்றையும் திணித்தால் இமேஜ் பெருத்து, மேலே போட்ட டிஎஃப்டிபி கணக்கு நமக்கு எதிராகத் திரும்பும். சேர்த்த பிறகு, இமேஜைக் கணினிகளுக்குத் தரும் விநியோகப் புள்ளிகளைப் புதுப்பிக்காவிட்டால் பழைய இமேஜே இறங்கிக்கொண்டிருக்கும். இதை மறந்துவிட்டு டிரைவரைக் குறைசொன்னவர்கள் பலர். நெட்வொர்க் சரியாகி, டிஸ்க் தெரியவில்லை என்று டாஸ்க் சீக்வென்ஸ் நின்றால், டிஸ்க்குகளைக் கையாளும் இன்டெல் விஎம்டி வசதி இயங்கும் கணினிகளில் அதற்குரிய ஸ்டோரேஜ் டிரைவர் தேவைப்படும். விஎம்டியை ஃபர்ம்வேரில் அணைப்பது குறுக்குவழி. ஆனால் அடுத்து வரும் ஐம்பது கணினிகளிலும் யாரோ ஒருவர் கையால் அணைக்க வேண்டியிருக்கும்.

எதிலும் பிடி கிடைக்காவிட்டால், அதே பூட் இமேஜைக் கொண்டு யூஎஸ்பி பூட் மீடியா ஒன்றைத் தயாரித்து அந்தக் கணினியை எழுப்புங்கள். டாஸ்க் சீக்வென்ஸ் முழுமையாக ஓடினால், டிரைவரும் இமேஜும் கணினியின் பதிவும் சரி. பழுது விண்டோஸ் பிஇ-க்கு முந்தைய கட்டங்களில், அதாவது ஸ்விட்ச், ரிலே, டிஎஃப்டிபி ஆகியவற்றில் இருக்கிறது. யூஎஸ்பியிலும் அதே இடத்தில் நின்றால், நெட்வொர்க் பிரிவினரை விடுவித்துவிட்டு எஃப்8 சாளரத்துக்குத் திரும்புங்கள். அந்த மீடியாவுக்குக் கடவுச்சொல் வையுங்கள். அதனுள் இருக்கும் சான்றிதழ் காலாவதியாகும் நாளை அதன் மீதே எழுதி ஒட்டிவிடுங்கள்.